மோகனமா, வால்ட்ஸா?

ஞாயிறு, வைட்ஃபீல்ட்

இன்று மாமா என்னோடு நாற்பது நிமிடம் சண்டை போட்டார். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

அபார்ட்மென்ட் பாட்டுப் போட்டிக்கு நானும் ரவியும் பெயர் கொடுக்க வேண்டும். பாட்டு எந்த வகை என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். நாங்கள் பாடப்போவது எல்லோருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டுதான். கர்நாடக இசை என்றான் ரவி. மேற்கத்திய இசை என்றேன் நான். வேலூரில் மிருதங்கம் வாசிக்கும் அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். சர்ச்சில் வளர்ந்த என்னை அவன் கட்டிக்கொண்டதிலிருந்து, மூன்று வருடமாக மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அது சுத்த மோகனம்டா," என்றார்.

என்னையறியாமல் குறுக்கே பேசிவிட்டேன். "ராகம் மோகனம்தான் மாமா. ஆனா தாளம் வால்ட்ஸ், வெள்ளைக்காரங்களோட ஒன்-டூ-த்ரீ. லிங்கராஜபுரம் சர்ச்ல நாங்க பல பாட்டு இந்தத் தாளத்துலதான் பாடுவோம்."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"எங்க, பாடும்மா பாக்கலாம்."

பாடினேன். அவர் மேசையில் தட்டிக்கொண்டே வந்தார்.

"இது மூணு மூணா எண்ணுற திஸ்ரம்மா! உங்க வால்ட்ஸுக்கு முன்னாடியே நம்மகிட்ட இருக்கு!"

"அப்போ அந்தப் பாட்டுல கிடார் எதுக்கு மாமா வருது?"

அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. நடுவில் ரவி கடைக்குப் போய்ப் பால் வாங்கியே வந்துவிட்டான்.

கடைசியில் மாமா, "இப்போதைக்கு மெல்லிசைன்னு போடுங்க. மீதிய நேர்ல பேசிக்கலாம். சனிக்கிழமை ரயில்ல வரேன்," என்றார்.

அவருக்குக் காபியில் சர்க்கரை உண்டா, இல்லையா? கேட்கலாமென்றால் ரவி தூங்கிவிட்டான். பரவாயில்லை, மாமாவையே கேட்டுக்கொள்கிறேன்.