காதுக்கல் இல்லாத மீன்

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் வாலு மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி? நான் நலம். முதல் வாரம் கப்பல் ஓரத்தில் நின்று மீன்களுக்குச் சோறு போட்டேன்; இப்போது வாந்தி நின்றுவிட்டது.

இந்த ஆய்வுக் கப்பலில் மீன் இல்லாத இடத்திலும் வலை போடுகிறார்கள். வந்ததை அளந்து, வயது பார்க்கக் காதுக்குள் இருக்கும் கல்லைச் செவுள் வழியாக எடுத்துவிடுவார்கள். உங்கள் படகுக்கு இந்த வருஷம் எத்தனை நாள் அனுமதி என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நேற்று ஏழே மீன். மனசு கேட்கவில்லை. அளந்த ஒன்றை எட்டாவதாக மறுபடியும் அளவுப் பலகையில் வைத்தேன்.

தலைமை ஆய்வாளர் அக்கா செவுளைத் திறந்து பார்த்தார். “ஏய் வாலு, இது கம்மலைக் கழட்டி வச்சிட்டு வந்துச்சா?”

“எங்கப்பா படகுக்காரர்க்கா...”

“எங்கப்பாவும்தான்டி.”

சொல்லிவிட்டு ஏழு என்றே எழுதினார். எப்பேர்ப்பட்ட ஆள், அப்பா!

நாள் குறைந்தால் என்னைத் திட்டுங்கள், அவரை வேண்டாம். தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டையில் சுற்றினால் போதும், துவைக்க வேண்டாம்.

வலை ஏறுகிறது, ஓடுகிறேன். எத்தனை வந்தாலும் அத்தனையே எழுதுவேன்.

உங்கள் மகள்