ஃபிரிட்ஜில் ஒட்டிய நான்கு வார்த்தைகள்

அண்ணா,

சாப்பாடு அடுப்பு மேலே மூடியிருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கியிருப்பாய்.

உன் ஆபீஸில் எனக்கு ஏற்பாடு செய்த இன்டர்வியூவுக்காக நீ காலையில் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன இங்கிலீஷ் வார்த்தைகளைப் படித்துவிட்டேன். சாயங்காலம் நீ அர்த்தமும் வாக்கியமும் கேட்கும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

ஸ்டபர்ன் என்றால் பிடிவாதம். நேற்று நீ என்னைச் சொன்னது. உன் தங்கை வேறு எப்படி இருப்பேன்?

டிக்லைன் என்றால் மரியாதையாக மறுப்பது. இன்று பத்து மணிக்கு உன் மேனேஜருக்கு போன் பண்ணி, இன்டர்வியூவுக்கு வரமாட்டேன் என்று டிக்லைன் பண்ணிவிட்டேன். கத்தாதே, இங்கிலீஷில்தான் பேசினேன். ஒரு தப்பும் வரவில்லை.

நூலகத்தில் வேலை கேட்டதற்குச் சிரித்தாயே, இன்றே வரச் சொல்லிவிட்டார்கள். "எவனோ எந்த நாட்டிலோ எழுதினதைத் தமிழில் படிச்சுக் கனவு கண்டா சோறு வருமாடீ?" என்றாய். வரும். கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு வந்துவிடுவேன்.

தங்கை

மீதி இரண்டை எழுத மறந்துவிட்டேன். கிராட்டிட்யூட்: நன்றி. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை என்னைப் படிக்கவைத்தது நீ, அது எப்போதும் உண்டு. அபாலஜி: மன்னிப்பு என்று அர்த்தம் தெரியும். வாக்கியம் எழுதமாட்டேன்.