இருபத்துநான்கு வளையங்கள்

மார்ச் 4, செவ்வாய்

நான்கு வருடம் கருவியியல் படித்து, பல்சக்கரங்களோடு மல்லுக்கட்டியவனுக்கு வாய்த்த வேலை: பழைய ஃபேஷன் கைக்கடிகாரங்களுக்கு மதிப்புப் போடுவது. அதிலும் டயலைச் சுற்றி நிற வளையம் மாட்டும் ரகம். சிவப்பு, பச்சை, நீலம் என்று உடுப்புக்கு ஏற்றபடி திருகி மாட்டலாம். பெட்டிக்குப் பன்னிரண்டு வளையம். இது கடிகாரமா, வளையல் கடையா? உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வளையம் எல்லாம் இருக்கிறதா, அசலா, அவ்வளவுதான்.

ஒரு வருடமாக மதிப்பீட்டு அறிக்கை நான் எழுதுகிறேன், கையெழுத்து முதலாளியம்மா, எங்கள் மேடம், போடுகிறார். இந்த மாதம் பிசகில்லாமல் ஓடினால் கையெழுத்தும் என்னுடையதாம்.

மார்ச் 6, வியாழன்

அக்கா தங்கை இருவர் வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். சிறுவயதில் அவர்கள் அம்மா ஆளுக்கொரு வளையக் கடிகாரப் பெட்டி வாங்கித் தந்திருக்கிறார். மூத்தவரின் நீல வளையத்தைக் காணோம். தங்கை எடுத்துக்கொண்டார், அவர் பெட்டியில் இரண்டு நீலம் இருக்கும் என்கிறார். இளையவரோ, பெட்டியைத் திறந்தே பல வருடமாயிற்று, இது அபாண்டம் என்கிறார். ஆறு மாதமாகப் பேச்சில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று என் வழியாகவே சண்டை போட்டார்கள். நான் என்ன தபால்காரனா?

கடையின் அறிக்கை என்ன சொல்கிறதோ அதுவே முடிவு என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மூத்தவர் பெட்டியைத் திறந்து காட்ட வந்தார். அப்புறம் பார்க்கிறேன் என்று இரண்டு பெட்டியையும் வாங்கி வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

முட்டாள். முட்டாள். முட்டாள்.

அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி சூடாக இருந்தது. எதற்கு இரண்டு முறை ஓட்டுவது என்று இரண்டு பெட்டி வளையங்களையும் ஒரே கூடையில் கொட்டினேன். எண்ணவில்லை. படம் எடுக்கவில்லை. பளபளவென்று வெளியே வந்த பிறகு எண்ணினேன். இருபத்துநான்கு. ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு.

இளையவர் பெட்டியில் இரண்டு நீலம் இருந்ததா, பெட்டிக்கு ஒன்றா? அதைத்தானேடா கேட்டார்கள்!

மார்ச் 8, சனி

என் அக்காவிடம் சொன்னேன். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. "ஆளுக்குப் பன்னெண்டு குடுத்து அனுப்பு. ரெண்டும் முழுசா இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் "இரண்டும் முழுமை" என்று எழுதினால் மூத்தவர் பொய்க்காரி ஆகிவிடுவார். ஊரார் கடிகாரத்தில் ஒரு திருகாணி மாறியிருந்தாலே "கலப்படம்" என்று சிவப்பு மையில் எழுதுகிறவன் நான். இதற்கு என்ன மை?

மார்ச் 10, திங்கள்

நாள் முழுக்க லென்ஸோடு உட்கார்ந்தேன். மூத்தவரின் கடிகார விளிம்பில் ஊசிமுனை அளவு பிசிறு. அதில் திருகி மாட்டிய வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய கோடு விழும். இளையவர் கடிகாரத்தில் பிசிறு இல்லை. கோடு இருந்தால் அக்காவுடையது, இல்லாவிட்டால் தங்கையுடையது. பிழைத்தேன் என்று துள்ளினேன்.

பார்த்தால் இருபத்துநான்கிலும் கோடு.

மார்ச் 11, செவ்வாய்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கே இருவரையும் வரச் சொல்லு என்று போனை எடுத்துக் கொடுத்தார். கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 12, புதன்

இருவரையும் வரவழைத்தோம். சுற்றி வளைக்கத் தெரியாதே எனக்கு. வளையங்களைக் கலந்துவிட்டேன், எது யார் பெட்டியில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, தவறு என்னுடையது என்றேன். மூத்தவர் முகம் கறுத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபத்துநான்கு வளையமும் உங்கள் கடிகாரத்தில்தான் ஏறி இறங்கியிருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

இளையவர் ஆறு மாதத்தில் முதல்முறையாக நேராகத் திரும்பினார். "என்னோட வளையத்தையெல்லாம் எடுத்து உன் வாட்ச்ல மாட்டினியா? சின்ன வயசுல நான் பாட்டு கிளாஸ் போன நேரத்துலயா?"

மூத்தவர் கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார். "திருப்பி வச்சேன்ல. நீ நீலத்தை எடுத்தியா இல்லையா, அதைச் சொல்லுடி."

"அப்பவே எடுத்தேன். என்னோடதுல கீறல் இருந்துச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நெனச்சு, நல்லதா ஒண்ணு இருக்கட்டும்னு உன்னோடதையும் எடுத்தேன்."

"நீங்க எடுத்ததுலயும் அதே கீறல் இருக்குங்க," என்றேன்.

மேடம் என் காலை மிதித்தார். ஆனால் அதற்குள் மூத்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தங்கை தோளில் ஓர் அடி வைத்தார். பிறகு என் மேசையை இருவரும் பிடித்துக்கொண்டு பங்கு பிரித்தார்கள். இரண்டு மணி நேரம். ஊதாவுக்கு மட்டும் தனிச் சண்டை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கை போயிற்று. நான்காம் பத்தி: "சுத்தம் செய்கையில் மதிப்பீட்டாளரின் கவனக்குறைவால் வளையங்கள் கலந்தன. தற்போதைய பிரிவினை உரிமையாளர்கள் தாங்களே செய்துகொண்டது." கையெழுத்துக்காக நீட்டினேன். மேடம் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"தப்பு உன்னோடது. கையெழுத்தை மட்டும் நான் எதுக்குப் போடணும்?"

இது இந்த ஒன்றுக்கு மட்டுமா, இனி எல்லாவற்றுக்குமா? போட்டேன். ஒரு வருடமாகப் பழகிவைத்த கையெழுத்து, கோணலாக விழுந்தது.

மார்ச் 17, திங்கள்

பட்டை மாற்றும் கடிகாரம் ஒன்று வந்தது. ஆறு பட்டை என்றார் கொண்டுவந்தவர். அவர் எதிரிலேயே எண்ணினேன். ஆறு. இன்னொரு தடவை எண்ணினேன். "அவசரமா போகணும் தம்பி," என்றார்.

உட்காரச் சொன்னேன்.