கண்ணாடியோடு எடுத்த படம்

நாள் 188. செவ்வாய்ச் சுற்றுப்பாதை. 07:40

காற்று, தண்ணீர், மின்சாரம் சரி. கலங்கள் வந்து இணையும் வாசலின் இரண்டு கேமராக்களும் இன்னும் இருட்டு. விண்கல் தூசி அடித்ததில் போனவை. மாற்ற உதிரி இல்லை. கீழே செவ்வாய்த் தரையில் பாறை எடுக்கப் போயிருக்கும் இருளப்பன் திரும்பும்போது நான்தான் ஜன்னலில் நின்று வழி சொல்ல வேண்டும். அவன் கலத்தில் ஜன்னல் கிடையாது. எடை குறைக்கிறோம் என்று எடுத்துவிட்டார்கள்.

இன்று கண் பரிசோதனை. எடையில்லாத இடத்தில் கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கும். வலிக்காது, பார்வை குறையும்வரை தெரியாது. அதற்காக இரண்டு கைக்கருவிகள் கொடுத்திருக்கிறார்கள். பேனா போல இருப்பது கண்ணின் அழுத்தத்தை அளக்கும். டார்ச் போல இருப்பது கண்ணின் உட்புறத்தைப் படம் எடுக்கும். இரண்டையும் இன்னொருவர் பிடிக்க வேண்டும். இருளப்பன் இருந்தவரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். ஒரு மனிதனின் விழிக்குள் அவ்வளவு கிட்டத்தில் போகும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். காதலிப்பவர்கள்கூட அவ்வளவு தூரம் போவதில்லை. எங்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை, கருவிதான் இருந்தது.

இன்று தனியாக எடுத்தேன். அவனுடைய சவரக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து மாட்டி, அதன் வழியாகப் படம் பிடித்தேன். இடது கண்ணில் நரம்பின் விளிம்பு கலங்கித் தெரிகிறது. வலது சுத்தம். அனுப்பிய குறிப்பு: "கண்ணாடியோட எடுத்தது டாக்டர், கொஞ்சம் மங்கலா இருக்கும்."

நாள் 188. 08:35

பூமியிலிருந்து டாக்டர் செண்பகவல்லி:

"ஏம்மா அமலி, வலது இடதை மாத்திப் போட்டிருக்கியே! நரம்பு எந்தப் பக்கம் உக்காந்திருக்குன்னு பாத்தாலே எந்தக் கண்ணுன்னு சொல்லிடலாம். படத்துல நீ போட்ட பெயரை நானே திருத்திட்டேன். வீக்கம் வலது கண்ல. மருந்தை இன்னைக்கே போட்ரு. அடுத்த தடவை கண்ணாடியைக் கழட்டிட்டு எடு, என்ன?"

கழற்றிவிட்டால் எப்படி எடுப்பதாம் என்று சிரித்துக்கொண்டேன். வலது இடதை நான் குழப்பியிருக்கலாம். தனிமையில் எதுவும் குழம்பும். அவர் என்னைவிடப் படித்தவர்.

நாள் 188. 11:10

மருந்து ஒரே குப்பிதான். மருத்துவ அறையின் இயந்திரக் கை ஊசியைப் போட்டது. திரை "எந்தக் கண்?" என்று கேட்டது. வலது என்று அழுத்தினேன்.

நாள் 196. 06:55

வலது கண் சிவந்து வலிக்கிறது. விளக்கைச் சுற்றி வளையம். பேனாவை எடுத்துத் தடுமாறி நானே கண்ணில் தொட்டேன். இருபதுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் நாற்பத்தாறு. இடது கண்ணால் படித்தால் வரிகள் நடுவில் வளைகின்றன.

சவரக் கண்ணாடி இன்னும் அங்கேயே மாட்டியிருக்கிறது. அதன் முன்னால் போய் வலது கையைத் தூக்கினேன். உள்ளே இருந்தவள் இடது கையைத் தூக்கினாள்.

நாள் 196. 08:20

நான் அனுப்பியது: "டாக்டர், நான் சொன்னது முகம் பார்க்கிற கண்ணாடி. படம் பக்கம் மாறித்தான் விழும்."

வந்தது: "ஐயோ... நான் மூக்குக் கண்ணாடின்னு நெனச்சேம்மா. நீ படிக்கறதுக்குப் போடுவியே, அது. அமலி... அம்மா... என்னை..."

அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. நோயில்லாத கண்ணில் மருந்தைச் செலுத்தினோம், அது அழுத்தத்தை ஏற்றி அந்தக் கண்ணைக் கெடுக்கிறது. நோயுள்ள கண்ணுக்கு மருந்து இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்திருக்கும் மொழியில் நாங்கள் இருவருமே மிகத் தெளிவாகப் பேசியிருக்கிறோம்.

நாள் 198. 09:00

தலைமை அலுவலகம்: "கருவி நிர்ணயிக்கப்பட்ட முறைக்குப் புறம்பாகப் பயன்படுத்தப்பட்டுள்ளதால் விளைவுகளுக்குப் பயனரே பொறுப்பாவார். மன உறுதியைப் பேணும் பொருட்டு இத்தகவலைத் தரையிலுள்ள சகாவிடம் பகிர வேண்டாம்."

நிர்ணயிக்கப்பட்ட முறைக்கு இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கையைத் தரைக்கு அனுப்பியவர்கள் அவர்களே. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து அனுப்பினார்கள். ஒரு குப்பி மருந்து கூடுதலாக வைத்திருந்தால் எவ்வளவு கனத்திருக்கும்?

நாள் 201. 10:15. குரல் பதிவு

எழுத்து தெரியவில்லை. இனிமேல் பேசித்தான் பதிவு.

வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம்.

தரையிலிருந்து இருளப்பன்: "அமலி! என் சவரக் கண்ணாடி பத்திரமா? இங்க தாடி வளந்து சாமியாராட்டம் ஆயிட்டேன். வந்ததும் மொத வேலை அதான். காத்து நாளைக்கு வரைக்குந்தான் வரும் போல. நாளைக்குக் காலையில கெளம்பிடவா?"

கிளம்பு என்றேன். வேறு என்ன சொல்வது? தரையில் இருந்தால் காற்று தீரும். இங்கே வந்தால் நான் இருக்கிறேன்.

உண்மை வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அலுவலகத்துக்குப் பயந்து அல்ல. சொன்னால் அவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஓர் இரவு பயம் மட்டும்தான்.

நாள் 202. 07:30. குரல் பதிவு

கிளம்பிவிட்டான். ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, குளிராக இருக்கிறது.

இருளப்பன்: "அமலி, தூரம் காட்டுற மீட்டர் முன்னூறுங்குது. பச்சை லைட்டு போட்டுட்டேன். தெரியுதா?"

தெரியுது, வா என்றேன்.

நாள் 202. குரல் பதிவு

"நூறு. என்னம்மா சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?"

இல்ல, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நேரா வா.

"நேராத்தானே வர்றேன்? நீதானே எனக்குக் கண்ணு. அம்பது."

ஓரத்தில் ஒரு வெளுப்பு. மெல்ல நகர்கிறது. அவனாக இருக்கலாம். என் கண்ணுக்குள்ளேயே இருக்கும் வீக்கமாகவும் இருக்கலாம். தலையைத் திருப்பினேன், அதுவும் திரும்பியது. இல்லை, திரும்பவில்லை... தெரியவில்லை...

"இருவது. சொல்லு அமலி. மேலயா, கீழயா?"

கீழே என்றேன்.

"கீழ எறக்குறேன். போதுமா?"

இன்னும் கொஞ்சம்.