ஓரத்தில் எண் இல்லாத ஃபிலிம்

அக்கா,

இன்று காலை பள்ளி ஆய்வகத்தில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அசிட்டிக் அமில பாட்டிலின் மூடி சரியாக இறுகவில்லை. கையில் எடுத்ததுமே அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியது. பிள்ளைகள் பெஞ்சுகளில் இரைச்சல் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் என் வீட்டுப் பின்னறையில், சிவப்பு விளக்கின் கீழே, உன் தோளை இடித்துக்கொண்டு நின்றேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வாயால் சொல்ல எத்தனையோ வருடம் கிடைத்தது. இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து நான்கு, சித்திரை மாத வெயில். நீ மரக்காணத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினாய். கையில் ஒரு கேமரா. கோணி சுற்றிய பெரிய மூட்டை ஒன்றை கண்டக்டர் இறக்கிக் கொடுத்தார். "இன்னாம்மா இது, தையல் மிஷினா?" என்று அவர் கேட்டதற்கு, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாய். குயிலாப்பாளையத்தில் நீ வேலை பார்த்த விருந்தினர் விடுதியில் வெகுநாள் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, ஊருக்கே திரும்பிப் போகும்போது உனக்குக் கொடுத்துவிட்டுப் போன பொருள்கள் அவை. மூட்டைக்குள் இருந்தது ஃபிலிமிலிருந்து படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச்செய்யும் என்லார்ஜர். கூடவே மூன்று தட்டுகள், ஃபிலிம் கழுவும் டப்பா, ஒரு ஆங்கிலப் புத்தகம்.

"நீதான ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கே. உனக்குத் தெரியாதா?" என்றாய்.

எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளியில் உனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள் நான். அப்போதும் நீ தெரியும் என்று சொன்னால் எனக்கும் தெரியும் என்று தலையாட்டியவள்தான். அன்றும் அப்படியே தலையாட்டினேன்.

எங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னலில் கறுப்பு ரெக்சினை ஆணி வைத்து அடித்தோம். கதவு இடுக்கில் பழைய போர்வையைத் திணித்தோம். விடுமுறை நாள்களில், என் வீட்டுக்காரர் திண்டிவனத்துக்கு வேலைக்குக் கிளம்பியதும், பட்டப்பகலில் நமக்கு இருட்டு தொடங்கும். சாமி படத்துக்குப் போடும் சிவப்பு பல்பை மாட்டினோம். முதல் நான்கு காகிதங்களும் சாம்பல் பூத்துப் போயின. நீதான் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு காகிதத்தின் மேல் நாணயம் ஒன்றை வைத்து, அந்த பல்புக்குக் கீழே ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பார்த்தாய். நாணயம் இருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டமாக நின்றது. "பாத்தியா, வெளக்குதான் நமக்கு எதிரி" என்றாய். அதற்குப் பிறகு சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று சுற்று சுற்றினோம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் கரைத்த படம் கழுவும் மருந்து திரிந்துபோனது. குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து கரைத்தோம். வெயிலில் மருந்து சூடேறியது. அதற்கும் நீ வழி கண்டுபிடித்தாய். உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸில் ஒரு கட்டியை வேட்டித்துணியில் சுற்றி எடுத்து வருவாய். அதைப் பெரிய தட்டில் உடைத்துப் போட்டு, அதன் மேல் மருந்துத் தட்டை வைப்போம். படங்களில் மீன் வாடை வரும் என்று நான் கேலி செய்வேன். உப்பு ஏற்றிய லாரி தெருவில் போனால் என்லார்ஜர் அதிரும், படம் இரட்டையாகிவிடும். லாரிச் சத்தம் கேட்டால் "கைய எடு" என்பாய். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

உப்பளத்தில் இன்னும் கீற்றுப் போட்டு மூடாத உப்புக் குவியலைத்தான் முதலில் படமெடுத்திருந்தோம். காகிதத்தில் அது வெறும் வெள்ளையாக வந்தது. நான் அதுவே போதும் என்றேன். "வெள்ளையா வந்தா ஆச்சா? உப்பு மாதிரி வரணும்டி" என்றாய். ஒரே காகிதத்தைப் பட்டை பட்டையாக மறைத்து, மூன்று நொடி, ஆறு நொடி, ஒன்பது நொடி என்று ஒளி காட்டினோம். பன்னிரண்டாவது நொடியில் உப்பின் பரல்கள் தெரிந்தன. அன்று நீ ஈரக் காகிதத்தைக் கையில் ஏந்தியபடி வெயிலில் வந்து நின்ற முகம் எனக்கு மறக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் கேமராவில் புது ரோல் போட்டு உன் வீட்டுக்கு வந்தோம். கடலைப் பார்த்த வீடு. அண்ணன் வாசலில் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். நீ கேமராவைத் தூக்கியதும், "ஏய், மூஞ்சி கழுவிட்டு வரேன், இரு" என்றார். நீ இருக்கவில்லை. பாதி முகத்தில் நுரையோடு அவர் சிரித்த நேரம் பார்த்து எடுத்துவிட்டாய். உங்கள் மகள், நாலு வயது பாப்பா, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மீதிய நீ எடுத்து முடி" என்று கேமராவை என்னிடம் கொடுத்து அனுப்பினாய்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. விடுதியில் கிறிஸ்துமஸ் கூட்டம் என்று நீ வேலைக்குப் போயிருந்தாய். மரத்தில் விளக்குக் கட்டியிருப்பதைப் பார்க்கப் பாப்பாவும் உன்னோடு வந்திருந்தாள். அண்ணன் கரையில் இருந்தார்.

அவரை மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு, சுவரில் மாட்டியிருந்த படம் எதுவும் மிஞ்சவில்லை. வாக்காளர் அட்டைக்காக எடுத்திருந்த தபால்தலை அளவு முகத்தை நகலெடுத்துக் கொடுத்தார்கள். அதை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிப் பார்த்தோம். புள்ளிகள்தான் பெரிதாயின.

என் வீட்டு அலமாரியில் கேமரா இருந்தது. அதற்குள் அந்த ரோல் இருந்தது.

நான் உடனே கழுவலாம் என்றேன். நீ தடுத்தாய். அதற்கு முன் நாம் கழுவிய ஐந்து ரோலில் இரண்டு வீணாகியிருந்தன. பாண்டியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுக்கலாமா என்றால், அங்கே தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாய். "இதுல கை தவறக் கூடாது, விஜி. இன்னும் நாலு ரோல் கழுவுவோம். கை பழகட்டும். பாப்பாவுக்கு நாலு வயசு. அவளுக்கு முகம் மனசுல நிக்காது. இது ஒண்ணுதான் இருக்குது" என்றாய். ரோலைக் கேமராவிலிருந்து சுற்றி எடுத்து, அதன் டப்பியில் மூடி என் அலமாரியிலேயே வைத்தோம். சுனாமிக்குப் பிறகு போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையிலிருந்து நடந்து வந்து, இரண்டாயிரத்து ஐந்து முழுக்க என்னோடு அந்த அறையில் நின்றாய். ஒவ்வொரு ரோலும் நன்றாக வந்தது. தலைத்திவசத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து கழுவலாம் என்று முடிவு செய்தோம்.

ஐப்பசி மழையில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். உனக்கு வேலை இருந்தது. எனக்கு ஒரு ஆசை வந்தது. நீ வரும்போது அண்ணனின் படம் காய்ந்து தொங்க வேண்டும். நீ வாசலிலேயே நின்றுவிட வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். யோசித்துப் பார்த்தால், உனக்காக என்று சொல்லிக்கொண்டு எனக்காகத்தான் செய்தேன்.

இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு பாட்டில்கள். ஒன்றில் படத்தை எழுப்பும் மருந்து, மற்றதில் படத்தை நிலைநிறுத்தும் மருந்து. கூரை ஒழுகி லேபிள்கள் ஊறிப்போய் இரண்டும் கீழே கிடந்தன. எடுத்து ஒட்டினேன். முகர்ந்திருந்தால் நிலைநிறுத்தும் மருந்தின் புளித்த நெடியே காட்டிக்கொடுத்திருக்கும். எனக்கு நல்ல ஜலதோஷம். ஊற்றினேன், நிமிடம் எண்ணினேன், கொட்டினேன், அடுத்ததை ஊற்றினேன். டப்பாவைத் திறந்து ஃபிலிமைப் பிரித்தபோது அது கண்ணாடி மாதிரி இருந்தது. முதலிலிருந்து கடைசி வரை ஒன்றுமில்லை.

வெளிச்சம் பட்ட காகிதத்தைக் கிழித்து இரண்டு பாட்டிலிலும் முக்கிப் பார்த்தேன். எதில் கறுக்கக் கூடாதோ அதில் கறுத்தது. லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறேன். படம் எழும் முன்பே நிலைநிறுத்தும் மருந்தை ஊற்றி, அண்ணனைத் துடைத்துவிட்டேன்.

நீ மாலையில் வந்தாய். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"டப்பிக்குள்ளயே கெட்டுப் போயிருக்குதுக்கா. உப்புக்காத்து. ஒரு வருஷம் இருந்துச்சுல்ல" என்றேன்.

நீ ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாய்.

"ஓரத்துல நம்பர்கூட இல்லியே, விஜி."

"அதுவும் போயிடுச்சுக்கா."

நீ ஃபிலிமைச் சுருட்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மழையிலேயே போனாய்.

அடுத்த வாரம் நெயில் பாலிஷ் வாங்கி வந்தாய். ஒரு பாட்டிலில் ஒரு கோடு, மற்றதில் இரண்டு கோடு தடித்து வரைந்தாய். "தண்ணி பட்டா போவாது" என்று மட்டும் சொன்னாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபிலிம் ஓரத்து எண்கள் தொழிற்சாலையிலேயே பதிந்தவை, படமே எடுக்காத ரோலைக் கழுவினாலும் அவை வரும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்ததை நான் அப்புறம்தான் படித்தேன். காற்று பட்டுக் கெட்டால் ஃபிலிம் மங்கும், இப்படித் துடைத்ததுபோல் ஆகாது. புத்தகத்தை எனக்கு முன்பே முழுக்கப் படித்தவள் நீ. எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன்.

இரண்டாயிரத்து ஆறில் குப்பத்துக்காரர்கள் யார் யாரோ, எங்கெங்கோ உறவினர் வீட்டில் கிடைத்த பழைய நெகட்டிவ்களைக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் நீ படம் போட்டுக் கொடுத்தாய். ஒரு அம்மா தன் மகன் படத்தை ஈரத்தோடே நெஞ்சில் வைத்துக்கொண்டு போனார். அன்று நீ தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "எனக்கு முதுகு வலிக்குதுடி, நீ பாத்துக்க" என்றாய். அதற்குப் பிறகு அந்த அறைக்கு நீ வரவில்லை. நானும் தனியாகப் போகவில்லை.

ஆனால் என்னை விடவில்லை. என் பிரசவத்துக்கு வந்தாய், என் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு வந்தாய். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் அழுது சொல்லியிருப்பேன்.

போன வருடம் பாண்டியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "விஜி, அந்த ரோல இன்னும் வெச்சிருக்கேன்."

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நிமிராமல், "டாக்டர் இன்னாக்கா சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

உன் காரியம் முடிந்த அன்று பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்து நான்கு வயதுப் பெண். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் சித்தி. அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. 'நீங்களே கேட்டுடலாம்லம்மா'ன்னு நான் சொல்லுவேன். 'நான் கேட்டா அவ உடைஞ்சிடுவா, அவளா சொல்லட்டும்'னுவாங்க."

அக்கா, அண்ணனின் படத்தை அழித்தது கை தவறி. அதை நீ அன்றைக்கே பொறுத்துக்கொண்டாய். நான் வாய் திறப்பேன் என்று நீ காத்திருந்த இருபது வருடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பாப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அப்பா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். தெரிந்த வரையில் சொல்கிறேன். எனக்கு நினைவில்லாத இடம் வரும்போது நிறுத்திவிடுகிறேன். இட்டுக்கட்டி எதையும் சொல்வதில்லை. "இது எனக்குத் தெரியாது கண்ணு" என்கிறேன்.

உன்னிடம் சொல்ல வராத உண்மை, அவளிடம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

விஜயா