கார்டேனியாவின் வேரில் சுண்ணாம்பு

எவேலியோ,

என் கார்டேனியாச் செடியின் இலை ஏன் மஞ்சளாகிறது என்று ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சுவருக்கு வெள்ளையடித்த வாளியைக் கழுவி அதன் வேரில் கொட்டியிருக்கிறாய். சுண்ணாம்பு அதற்கு விஷம்.

இத்தனை வருஷம் இல்லாத வெள்ளை இப்போது எதற்கு? சற்றுமுன் பக்கத்து வீட்டுச் சோராய்தா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னடி நெரெய்தா, வீட்ட விக்கிறீங்களாமே? மதியம் வீடு பாக்க ஒருத்தர் வர்றாராமே?" என்றாள். கட்டின புருஷன் சொல்லாத என் வீட்டுச் சேதி எனக்கு வேலி வழியாக வருகிறது!

நீ ரொட்டி வாங்கித் திரும்புவதற்குள் கிளம்புகிறேன், சியன்ஃபுவேகோஸில் அக்கா வீட்டுக்கு. வராந்தா ஆடுநாற்காலியில் தெர்மாஸ் நிறையக் காப்பி இருக்கிறது, வருகிறவருக்குக் கொடு. பக்கத்து டப்பாவில் உள்ள காப்பிச் சக்கையைச் செடிக்குப் போடு. மழைத்தண்ணீர் மட்டும் ஊற்று.

நெரெய்தா

பி.கு.: வீட்டைப் பூட்டிவிட்டேன். சாவியைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. வந்தவருக்கு வெளிச்சுவரைக் காட்டு. வெள்ளை நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.