இருவழி அஞ்சலை நம்பி நின்றவன் பொருட்டு

செங்கழனி நாடு தழைக்க. ஏழ்துறைக் காவலரும், வெண்குடை நிழலில் குடிகளைப் புரப்பவரும், நம் தங்கையின் திருமகனுமாகிய கோ பெருந்திறலார் திருமுன்புக்குக் கோடைக் கூற்றத்து மூத்த வேள் விண்ணங்கோ எழுதுவித்த ஓலை. தங்கள் அரண்மனையும் யானைநிரையும் களஞ்சியமும் குறைவின்றி விளங்குக. இங்கு மழை உண்டு. நாமும் இருக்கிறோம்.

கோடைக்கும் தலைநகருக்கும் இடையே மலைவழியில் ஓடிச் செல்லும் ஓட்டர் அஞ்சலும், ஆற்றுவழியில் படகு அஞ்சலும் தனித்தனியே நடந்து வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற கார்காலத்தில் அவ்விரண்டையும் இணைத்து, ஓலைக்கட்டுகளைப் பாதி பாதியாய்ப் பிரித்து இரு வழியிலும் ஏற்றி, சேருமிடத்தில் மீண்டும் கோக்கும்படி அரசாணை பிறந்தது. இனி எந்த ஓலையும் இருமடங்கு விரைவில் வரும் என்று எங்கள் சந்தையில் முரசறைந்தார்கள். கட்டுக்கட்டான நில அளவை ஓலைகள் அவ்வாறே விரைந்து வந்து சேர்ந்தன. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் தனியோலையைப் பிளக்க இயலாது. அது ஒருவன் மடியில், ஒரே வழியில், பழைய நடையிலேயே வரும். இரண்டு வண்டி பூட்டினால் சுமை கூடும். மாட்டின் நடை கூடாது. முரசறைந்தவர் இதைச் சொல்லவில்லை.

பகைவர் ஆற்றைக் கடந்தபோது நம் மகன் வயிரவேள் அஞ்சல் வழியிலுள்ள கரையூர்க் கோட்டைக்குத் தலைவனாய் நின்றான். கோட்டையை விட்டுப் பின்வாங்குக என்னும் தங்கள் ஆணை தனியோலையாய்ப் புறப்பட்டது. பின்வாங்கலாமா என்று மூத்த வீரர் ஒருவர் வினவியதற்கு, ஓலைக்கு இப்போது நான்கு கால் முளைத்திருக்கிறது ஐயா, ஆணை உண்டென்றால் நேற்றே வந்து நம் அடுக்களையில் உண்டு முடித்திருக்கும் என்று அவன் நகைத்தானாம். எல்லோரும் சிரித்தார்களாம். தப்பி வந்த ஒருவன் இதைச் சொன்னான். ஆணை வந்தபோது அதை வாங்கக் கோட்டையில் எவரும் இல்லை. ஓட்டன் அதை நம்மிடம் கொண்டுவந்து கொடுத்தான். நாம் வாங்கி வைத்தோம்.

தங்கள் அவையம் அவனை ஆணை மீறியவன் என்று தீர்த்து, நடுகல்லில் பெயர் பொறிக்கலாகாது என்று விலக்கியிருக்கிறது. நம் குடியில் போரில் பட்டவர் உண்டு. ஆணை மீறியவர் இல்லை. வராத ஓலையை அவன் எப்படி மீறுவான்? அவன் நம்பியது தங்கள் முரசை.

கல் செதுக்கியாயிற்று. வாளும் குதிரையும் நன்றாக அமைந்துள்ளன. பெயருக்குரிய இடம் வெறுமையாய் இருக்கிறது. அவனுடைய தாய் நாள்தோறும் அதைக் கழுவுகிறாள். நாம் தடுப்பதில்லை.

நாம் மன்னிப்பு வேண்டவில்லை. வயிரவேள் ஆணை மீறவில்லை, முரசே பிழைபட்டது என்று அதே சந்தையில் அதே முரசால் அறைவிக்க. அன்று பெயர் பொறிப்போம். அதுவரை கோடைக் கூற்றத்தில் வாளேந்திய எவனும் ஓலைக்குக் காத்திராமல் தன் கண் கண்டதைச் செய்வான். இது நம் குடிக்கு நாம் இட்ட கட்டளை.

செங்கோல் வழுவாதிருக்க. குடிமுத்திரை மோதிரம் மகன் விரலில் இருந்தது, திரும்பி வரவில்லை. ஆதலால் அரக்கில் நம் பெருவிரல் பதித்துள்ளோம்.